அரசி போட்ட ஒரு கை கொழுந்து

“இல்லீங்க, மூக்கு என்னோடதுதான். கண்ணு வேணும்னா என் சம்சாரம் பார்பரா வீட்டு ஜாடைன்னு விட்டுக் குடுத்துடுவேன். மூக்குல மட்டும் பேச்சுக்கே இடமில்ல லா.”

பிரிஞ்சாங் சந்தையில் முட்டைக்கோசு பொறுக்கிக்கொண்டிருந்த என்னிடம் மூக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை. “டொனால்டண்ணே, உங்க பக்கத்து வீட்டு அரசியோட காலேஜ் கேஸு என்னாச்சு?” என்றுதான் கோசுக்காரர் கேட்டார். என் மகள் ஷாரனுக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகிறது. அன்றிலிருந்து மழையைப் பற்றிக் கேட்டாலும் நான் மூக்கில் போய்த்தான் நிற்கிறேன். கோசுக்காரர் பொறுமைசாலி. போனில் இருந்த பேத்தியின் படம் பதினொன்றையும் பார்த்து முடித்துவிட்டு, “சரிண்ணே, அந்தக் கேஸு?” என்று மறுபடியும் கேட்டார்.

பின்னால் ஆள் நின்றதால் அவருக்குச் சுருக்கமாகச் சொன்னேன். இங்கே முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கேஸில் என் பேத்திக்கும் பங்கு உண்டு. எனக்கும் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அரசி என்கிற அன்பரசிக்கு வயது நாற்பத்தாறு. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் கும்பலுக்கு அவள்தான் கங்காணி. அவளுக்குக் கீழே இருபத்திரண்டு பேர். பாதிப் பேர் வங்காளதேசம், மீதி நேப்பாளம், நம் பெண்கள் நாலே பேர். அவர்களையெல்லாம் தமிழில் ஏசுவாள், எல்லாருக்கும் புரியும். முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ், இடுப்பில் ஒரு விசில். நடக்கும்போதே ஒரு கொழுந்தைக் கிள்ளி வாயில் போட்டு மென்று துப்பிவிட்டு, “இன்னும் நாலு நாளு” என்பாள். அந்த வரிசையை நாலு நாளைக்கு யாரும் தொடக் கூடாது.

அவள் பிறந்தது எங்கள் லயத்து வரிசை வீட்டிலேதான். அப்பா இறந்தபோது படிவம் மூன்று, அதாவது ஒன்பதாம் வகுப்பு, படித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வருசம் புத்தகப்பை போய் முதுகில் கூடை வந்தது. நான் அப்போது தோட்டத்து லோரி ஓட்டினேன். மூட்டை ஏற்றும்போது பார்த்திருக்கிறேன். சோறு சுற்றி வந்த பழைய பேப்பரை மடித்துக் கூடைக்குள் வைத்துக்கொள்வாள். எதற்கு என்று கேட்டால், “மறுபக்கமும் படிக்கணும்ணே” என்பாள்.

போன வருசம் தர்மா என்று ஒரு சின்ன தொரை, அதாவது உதவி மானேஜர், வந்தார். வயது இருபத்தேழு. டுரோன் ஒன்றைப் பறக்கவிட்டு, எந்த வரிசை பறிப்புக்குத் தயார் என்று கையிலிருக்கும் பலகையில் பார்த்துச் சொல்வார். ஒன்பதாம் நம்பர் காடு தயார் என்றது டுரோன். இல்லை என்றாள் அரசி. பறித்தார்கள். பாதிக்கு மேல் பிஞ்சு. தர்மா நல்ல பிள்ளை, கோபித்துக்கொள்ளவில்லை.

“அக்கா, ஒங்ககிட்ட எல்லாமே இருக்கு, பேப்பர் மட்டுந்தான் இல்ல. கந்தசாமி கிராணி அடுத்த வருசம் ரிட்டையராகுறாரு. ஒரு டிப்ளோமா இருந்தா அந்த நாற்காலி ஒங்களுக்குத்தான்.”

“இந்த வயசுல என்னய யாரு தம்பி சேத்துக்குவா?”

“இப்ப வயசெல்லாம் கேக்குறதில்லக்கா. எத்தன வருசம் என்ன வேல பாத்தீங்கன்னு காட்டுனா போதும், அதையே படிப்பா எடுத்துக்கிறாங்க. கிளாஸு போன்லயே வந்துரும்.”

கொழுந்து நிறுத்துப் பேர் எழுதுகிற காட்டு வேலைக் கிராணியாக எங்கள் தோட்டத்தில் இதுவரை ஒரு பெண் உட்கார்ந்ததில்லை. அந்த ஒரு நாற்காலிதான் அவள் கண்ணில் நின்றது. மூன்று தொரைமார்களிடம் கடிதம் வாங்கினாள். கவாத்து வெட்டும்போதும் நாற்று நடும்போதும் படம் எடுத்து அனுப்பினாள். பிறகு போனில் நேர்காணல் நடந்தது. அதைப் பற்றி அவளே என்னிடம் சொன்னாள்:

“இருபத்தொம்பது வருசம் என்ன வேல செஞ்சீங்கன்னு கேட்டாரு ஒருத்தரு. டீ குடிச்சுக்கிட்டேதான் கேட்டாரு. ‘சார், இப்ப நீங்க குடிக்கிறீங்கள்ல, அத நாந்தான் பறிச்சேன்’னு சொன்னேன். சேத்துக்கிட்டாங்க.”

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். தர்மாவையும் அவள் புருசன் காளியண்ணனையும் தவிர யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. பெயிலாகிவிட்டால் காலையில் பெரட்டுக்கு நிற்கும்போது கும்பலே சிரிக்கும் என்ற பயம். பெரட்டு என்பது விடியற்காலையில் பேர் கூப்பிட்டு ஆள் எண்ணுவது. அங்கே ஒரு தடவை பட்டப்பேர் விழுந்துவிட்டால் சாகிற வரைக்கும் போகாது.

எங்கள் லயத்து வீடுகளுக்கு நடுச்சுவர் உண்டு, ஆனால் அது கூரை வரைக்கும் போகாது. மேலே ஒரு முழம் திறந்துதான் கிடக்கும். அந்த வீட்டில் தாளித்தால் இந்த வீட்டில் தும்முவோம். காளியண்ணன் லெம்பா பெர்த்தாமில் தக்காளித் தோட்டத்து வேலைக்கு ஏழு மணிக்கே போய்விடுவார். ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் மனைவி பார்பரா சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“என்னங்க, அரசி வீட்டுல ஆம்பளக் கொரலு கேக்குது. மலாய்ல பேசுறான்.”

“டிவியா இருக்கும்.”

“டிவி இவ பேரச் சொல்லிக் கூப்புடுமா?”

மறுநாள் ஞாயிறு. “இன்னைக்கு வேற ஆளுங்க!” என்றாள். அடுத்த சனிக்கிழமை அவள் முகம் வெளுத்திருந்தது. “ஏழெட்டுப் பேரு இருப்பானுங்க போல. ஒரு பொம்பளயும் இருக்கா. நீங்க போயிப் பாருங்க.”

“நானா? என்னத்தச் சொல்லிட்டுப் போறது?”

“பாப்பாவத் தூக்கிக்கிட்டுப் போங்க. காட்ட வந்தேன்னு சொல்லுங்க.”

நாற்பதாவது நாளில் என் பேத்தி வேவு பார்க்கப் புறப்பட்டாள். கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் இல்லை. உள்ளே போனேன். அரசி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். காதில் பென்சில். முன்னால் அரிசி டின், அதில் சாய்த்து வைத்த போன். போனுக்குள் எட்டுத் தலைகள், தபால்தலை மாதிரி. அதில் ஒரு பெண் மலாயில் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். அரசி என்னைப் பார்த்து உள்ளங்கையைக் காட்டி நிற்கச் சொன்னாள். நான் நின்றேன். பேத்தி நிற்கவில்லை; ஒரு கத்துக் கத்தினாள். அவ்வளவுதான், எட்டுத் தலையும் போனுக்குக் கிட்டே வந்தது.

“ஐயோ, யாரு புள்ளக்கா?” என்று தமிழில் கேட்டார் ஒருவர். ஹரிதாஸ் என்று பேர், சுங்காய் பக்கம் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் மண்டோர், நம் கங்காணி மாதிரி, என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

“என் பேத்தி தம்பி. மூக்கப் பாருங்க!” என்று பிள்ளையை போனுக்கு நேரே நீட்டினேன்.

“லைன் வெட்டுதுண்ணே, மூக்குத் தெரியல. இன்னும் கிட்டக் காட்டுங்க.”

கிட்டக் காட்டினேன். ஆளாளுக்கு ஏதோ சொன்னார்கள். ஒருவர் தன் பேரனைக் கூட்டிவந்து காட்டினார். அங்கேயும் ஒரு தாத்தா இருந்தார் பாருங்கள், காலேஜில்! அறுபத்தொரு வயது. எல்லாம் அடங்குவதற்குள் வகுப்பு நேரம் முடிந்துவிட்டது. “மீதிய நீங்களே வாசிச்சுக்குங்க” என்று சொல்லி அந்தப் பெண் போனார். பாடம் நடத்துகிற அவர் பேர் டாக்டர் கரேன்.

அரசி என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள். “அண்ணே, ஒங்கக் கும்புட்டுக் கேக்குறேன், பார்பராக்காகிட்ட மட்டும் சொல்லாதீங்க” என்றாள். சத்தியம் செய்தேன். பார்பராவிடம் மட்டும்தான் சொன்னேன். மத்தியானச் சோற்றுக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அவள் பயந்த மாதிரி யாரும் சிரிக்கவில்லை. வங்காளதேசத்துப் பையன்கள் பெரட்டில் “புரொபஸோர், குட் மார்னிங்” என்று சலாம் வைத்தார்கள். அவ்வளவுதான்.

இப்போது அந்தக் கேஸுக்கு வருகிறேன்.

கையால் கொழுந்து பறிக்கிற இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி காய்ச்சல்காரியோ பிள்ளைத்தாய்ச்சியோ, கூடையில் எடை குறையும் என்று தெரிந்தால், நிறுக்கப் போகிற வழியில் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கை கொழுந்து அவள் கூடையில் போட்டுவிட்டுப் போவார்கள். யாரும் கேட்கவும் மாட்டார்கள், சொல்லவும் மாட்டார்கள். நடந்துகொண்டே போடுவது. கூடை நிறைந்துவிடும்.

காலேஜில் ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். உன் பயிர் அறுவடைக்குத் தயார் என்று எப்படித் தெரிந்துகொள்வாய் என்பதுதான் தலைப்பு. அரசிக்கு விரல் அடித்து எழுத வராது. போனைப் பார்த்துப் பேசுவாள், போன் எழுதிக்கொள்ளும். வெயில் ஏறும் முன் எப்படிப் பறிக்க வேண்டும், இரண்டு இலை ஒரு மொட்டு எப்போது பதமாகும், விரல் நுனியால் ஒடிக்க வேண்டும், நகம் பட்டால் கறுத்துவிடும் என்றெல்லாம் பேசிப் பேசி, வெள்ளிக்கிழமையே முடித்துவிட்டாள். ஞாயிறு மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள் எல்லாரும் அனுப்ப வேண்டும். பத்து மணிக்கு வகுப்புக்காரர்களின் வாட்சப் கும்பலில் அழுகை. ஹரிதாஸின் மனைவி ஆஸ்பத்திரியில். ரப்பர் தோட்டத்து அம்மாவின் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. டுரியான் தோட்டத்து அண்ணனுக்கு என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. இப்படி ஆறு பேர்.

அரசி யோசிக்கவே இல்லை. தன் கட்டுரையிலிருந்து நல்ல பத்தியாக ஒன்றை எடுத்து ஆறு பேருக்கும் அனுப்பினாள். “இதயும் சேத்துப் போடுங்க, எட கொறையாது” என்றாள். போட்டார்கள்.

அந்தக் காலேஜில் ஒரு மெஷின் இருக்கிறதாம். வருகிற கட்டுரையை எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒத்துப் பார்க்கும். ஏழு கட்டுரையில் ஒரே பத்தியைக் கண்டுபிடித்துச் சிவப்பு அடித்துவிட்டது. அதற்கு மெஷினே தேவையில்லை. ஹரிதாஸ் அவசரத்தில் ‘தேயிலை’ என்ற வார்த்தையை மட்டும் எடுத்துவிட்டு ‘எண்ணெய்ப்பனை’ என்று போட்டிருந்தார். எண்ணெய்ப்பனையில் இரண்டு இலை ஒரு மொட்டு வந்ததும் விரல் நுனியால் ஒடிக்க வேண்டும், நகம் படக் கூடாது என்று இருந்தது அவர் கட்டுரையில். நாற்பது அடி மரம்! டுரியான் அண்ணன் கட்டுரையும் அதே மாதிரி. டுரியான் பழத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது.

அரசிக்குக் கடிதம் போனில் வந்தது. திருட்டு எழுத்து என்று குற்றம். பத்து நாள் கழித்து விசாரணை. குற்றம் உறுதியானால் படிப்பிலிருந்து நீக்கம். அவள் எங்கள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தாள். பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

“அண்ணே, நான் திருடிட்டேனாம்.”

“யாருகிட்டேருந்து?”

“என்கிட்டேருந்து!”

தர்மாவை வரச்சொன்னோம். அவர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். “அக்கா, இது ரொம்ப லேசு. பத்தி ஒங்களோடது. அவங்க ஒங்களுக்குத் தெரியாம எடுத்துட்டாங்கன்னு ஒரே வார்த்த சொல்லுங்க. நீங்க தப்பிச்சுருவீங்க.”

“அவங்க?”

தர்மா கடிதத்தை மூன்றாம் தடவை படித்தார்.

“சொல்லிரு அரசி” என்றார் காளியண்ணன். “மொகம்கூடப் பாக்காத ஆளுங்க. இதுக்குப் போயி நாற்காலிய விடுவியா?”

“நானே குடுத்துட்டு, திருடுனாங்கன்னு சொல்றதா?”

“அப்ப எங்கள மாதிரி கூடையத் தூக்கிக்கிட்டே கெட” என்றாள் பார்பரா. கோபத்தில் சொன்னதுதான். கூடை தூக்கியே முதுகு வளைந்தவள் அவள்.

அரசிக்கு இன்னொன்று ஆறவே இல்லை. அவள் வகுப்பில் சின்னப் பையன் ஒருவன் இருந்தான். முழுக் கட்டுரையையும் போனில் ஒரு மெஷினிடம் கேட்டு வாங்கிப் போட்டானாம். அது சுத்தமாகப் போய்விட்டது, ஒரு சிவப்பும் இல்லை. “மெசினு எழுதுனத மெசினு விட்டுருச்சு. மனுசி சொன்னத மட்டும் புடிச்சிருச்சு பாத்தீங்களா?” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

விசாரணை போனிலேயே, ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. அறையில் ஆள் யாரும் கூட இருக்கக் கூடாது, அதுதான் முதல் விதி. அரசி எங்களை எல்லாம் கும்பிட்டு வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். நாங்கள் எங்கள் வீட்டு அடுப்படிக்கு வந்து பெஞ்சைச் சுவரோரம் போட்டு ஏறி நின்றோம். பார்பரா, ஷாரன், வேலைக்கு லீவு போட்ட காளியண்ணன், பேத்தியோடு நான். கடைசியாக தர்மா வந்தார். “கூர ஒழுகுதான்னு பாக்க வந்தேன்” என்றார். மழை பெய்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அவருக்கும் பெஞ்சில் இடம் விட்டோம்.

அந்தப் பக்கம் டாக்டர் கரேனின் குரல் கேட்டது. கூட இன்னும் இரண்டு ஆம்பிளைகள், அதில் ஒருவர் குரல் கரகரப்பாக இருந்தது. பேசியது மலாயில். நம் பேச்சில் சொல்கிறேன். புவான் என்பது மட்டும் மலாய், மரியாதையாக அம்மா என்கிற மாதிரி.

“புவான் அன்பரசி, ரூம்புல நீங்க மட்டுந்தானா?”

“நான் மட்டுந்தான் டாக்டர்.”

“போனச் சுத்திக் காட்டுங்க.”

காட்டியிருப்பாள். அடுப்பு, அரிசி டின், சாமி படம். மேலே மட்டும் காட்டியிருக்க மாட்டாள்.

“இந்தப் பத்திய மொதல்ல எழுதுனது யாரு?”

“நான்.”

“மத்த ஆறு பேரும் ஒங்களுக்குத் தெரியாம எடுத்தாங்களா? யோசிச்சுச் சொல்லுங்க. அப்படின்னா ஒங்க மேல குத்தமில்ல. நீங்க இப்பவே போகலாம்.”

இந்தப் பக்கம் காளியண்ணன் கூரையைப் பார்த்துக் கை கூப்பினார். “சொல்லித் தொல, சொல்லித் தொல” என்று உதடு மட்டும் அசைந்தது.

“இல்ல டாக்டர். நாந்தான் குடுத்தேன். எடுத்துப் போடுங்கன்னு நாந்தான் சொன்னேன்.”

காளியண்ணன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார். பெஞ்சு கிறீச்சிட்டது.

“இது விதிய மீறுன காரியம்னு தெரியாதா?” என்றது கரகரப்புக் குரல்.

“தெரியாதுங்க. எங்க வேலையில இது வழக்கம்.” அரசி மூச்சு வாங்கிக்கொண்டாள். “என் மகன் ரூபன் வயித்துல இருந்தப்ப எட்டாம் மாசம் வரைக்கும் பறிச்சேன். குனிய முடியாது. எட கொறஞ்சா அன்னைக்கி அர நாளு சம்பளந்தான் எழுதுவாங்க. எங்க கும்பல்ல பதினாலு பேரும் போற போக்குல ஆளுக்கு ஒரு கை என் கூடையில போட்டாங்க. ஒரு நாளு இல்ல, ஒரு மாசம். யாரும் என்னயத் திருடின்னு சொல்லல. இந்தப் பத்தியவும் நான் அப்படித்தான் போட்டேன்.”

“இதுக்கு யாரு சாட்சி?” என்றது கரகரப்பு.

பார்பரா அரை மணி நேரமாக வாயைப் பொத்திக்கொண்டு நின்றவள். “நான் இருக்கேன்!” என்று சுவருக்கு மேலே கத்தினாள்.

பேத்தி திடுக்கிட்டு வீறிட்டாள். போச்சு என்று நினைத்தேன். தர்மா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

“புவான் அன்பரசி, யாரது?”

“பக்கத்து வீடு டாக்டர்” என்றாள் அரசி, அலுத்துப்போன குரலில். “சுவரு கூர வரைக்கும் போகாது. அஞ்சு பேரு நிக்கிறாங்க, ஒரு கைப்புள்ள. பெஞ்சு சத்தம் கேட்டப்பவே எனக்குத் தெரியும். என்ன செய்யச் சொல்றீங்க?”

“அந்தச் சாட்சிய வரச் சொல்லுங்க” என்றார் டாக்டர் கரேன்.

பார்பரா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். துணைக்குப் பேத்தியோடு நானும் போனேன். போனுக்குள் மூன்று முகம்.

“அப்ப நானும் போட்டேன் டாக்டர். தெனமும் போட்டேன். ஒரு கை இல்ல, ரெண்டு கை!”

அரசி திரும்பினாள். “ரெண்டு கையா? அக்கா, அதுல பாதி முத்தலு. கிராணி அதப் பொறுக்கி வீசிட்டு என்னயத்தான் ஏசுனாரு.”

“முத்தலா? ஏண்டி, இருவத்தி நாலு வருசமா இத மனசுல வச்சிக்கிட்டா என்கூட டீ குடிச்ச?”

“வச்சிக்கிட்டுத்தான் குடிச்சேன்!”

“ஒரு நிமிசம்” என்றார் டாக்டர் கரேன். “எல்லாம் ஒரே கூடையில கெடக்கு. அதுல எது யாரு பறிச்சதுன்னு எப்படித் தெரியும்?”

“கொழுந்தப் பாத்தாலே தெரியும் டாக்டர். பார்பராக்கா நகம் வச்சுக் கிள்ளும். கிள்ளுன எடம் கறுத்துப்போயிருக்கும். ஒவ்வொருத்தர் கைக்கும் ஒரு அடையாளம் இருக்கு.”

“அப்ப ஒங்க கிராணிக்கும் தெரிஞ்சிருக்கும்.”

“தெரியும். நிறுத்துட்டு என் பேரத்தான் எழுதுனாரு.”

கரகரப்புக் குரல்காரர் முதல் தடவையாகக் குனிந்து ஏதோ எழுதினார். டாக்டர் கரேன் மெதுவாகச் சொன்னார்: “காலேஜுலயும் அடுத்தவங்க கைக் கொழுந்தப் போடலாம். ஆனா இது இன்னாரு கைன்னு கீழ பேரு போடணும். பேரு போடாததுதான் தப்பு.”

“அத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா டாக்டர்?”

“சொன்னேனே. ஒரு வகுப்பு முழுக்க அதுதான். பாதியில ஒரு கொழந்த வந்து...” என்றவர் நிறுத்தினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என் கையைப் பார்த்தார். “இதே கொழந்ததானே?”

“ஆமாங்க டாக்டர்” என்றேன். “மூக்கு...”

பார்பரா முழங்கையால் இடித்தாள்.

அந்த ஒரு வாரம் நான் அரசியின் முகத்தைப் பார்க்கவில்லை. பேத்தியின் மூக்கைக் காட்டப் போய் ஒரு காலேஜையே கெடுத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பின் வாசல் வழியாகவே போய்வந்தேன். எட்டாம் நாள் சுவருக்கு மேலே குரல் வந்தது: “அண்ணே, பொறத்தால போகாதீங்க, அங்க வழுக்கும். கடுதாசி வந்துருச்சு.”

நீக்கவில்லை. ஏழு பேருக்கும் அந்தக் கட்டுரைக்கு முட்டை. ஓர் எச்சரிக்கை. இரண்டு வாரத்துக்குள் தனித்தனியாகப் புதிதாக எழுத வேண்டும், எழுதியதைப் பற்றிக் கேட்கிற கேள்விக்கு வாயாலும் பதில் சொல்ல வேண்டும். அதில் தேறாவிட்டால் அந்தப் பாடம் போச்சு. பாடம் போனால் கந்தசாமி கிராணி ஓய்வு பெறுவதற்குள் டிப்ளோமா கைக்கு வராது.

ஹரிதாஸ் மறுபடியும் அழுதார். அரசி இந்தத் தடவை ஒரு வார்த்தை கொடுக்கவில்லை. போனில் கேள்விதான் கேட்டாள். சுவருக்கு மேலே எல்லாம் கேட்டது.

“தம்பி, ஒங்க மரத்துல பழம் பழுத்துருச்சுன்னு எப்படித் தெரியும்?”

“தெரியும்க்கா.”

“எப்படி?”

“கீழ பாப்பேன். ஒதிரிப் பழம் கெடக்கும்.”

“எத்தன கெடந்தா வெட்டுவ?”

“அது... இருங்கக்கா, போயி எண்ணிட்டு வர்றேன்.”

தன் கட்டுரையில் அரசி நகம் பட்டுக் கறுத்த கொழுந்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதினாள். கீழே முறைப்படி பேர் போட்டாள்: பார்பரா, கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர், நேரில் சொன்னது. பார்பரா அதைப் படம் எடுத்து லயம் முழுக்கக் காட்டினாள். காலேஜ் பேப்பரில் தன் பேர்! எப்படிப் பறிக்கக் கூடாது என்பதற்குத்தான் அந்தப் பேர் என்று மலாய் படிக்கத் தெரிந்த யாரும் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. நானும் சொல்லமாட்டேன். இந்தத் தடவை சத்தியம் நிஜம்.

அரசிக்குத்தான் இந்தப் பேர் போடுகிற பழக்கம் முற்றிவிட்டது. பெரட்டில் யாராவது “இன்னைக்கி மழ வரும் அக்கா” என்றால், “யாரு சொன்னா? எங்க படிச்ச?” என்கிறாள். தர்மா டுரோனைப் பார்த்து ஏதாவது சொன்னால், “கீழ டுரோன் பேரப் போட்டுருங்க தம்பி, நாளைக்கி ஏச்சு வந்தா அது வாங்கட்டும்” என்கிறாள். போன வாரம் நான் ஒரு பழைய சிரிப்புக் கதை சொன்னேன். “இது தங்கராஜு மாமாவோட கதண்ணே, பேரு போடல” என்று முடிகிற இடத்தில் வெட்டிவிட்டாள்.

இன்று காலை ஆறரை மணிக்கு, பெரட்டு முடிந்த கையோடு, பூட்ஸோடு வாசலில் வந்து நின்றாள். போனை நீட்டினாள். மார்க்கு வந்திருந்தது.

“அறுவத்தெட்டு. பாடம் தேறிட்டேன்.”

பார்பரா அவளைக் கட்டிக்கொண்டாள். காளியண்ணன் சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே விசில் அடித்தார், அவள் பழைய விசிலைத்தான். நாற்காலிக்கு இன்னும் இரண்டு பாடம் பாக்கி இருக்கிறது.

“ஹரிதாஸு எவ்வளவு?” என்றேன்.

அவள் முகம் கோணியது. “எழுவத்தொண்ணு. ஒதிரிப் பழத்த எண்ணுனதுக்கு.”

சிரித்து முடிவதற்குள் பேத்தி விழித்துவிட்டாள். அரசி கையைத் துடைத்துக்கொண்டு அவளைத் தூக்கினாள். கொழுந்தைப் பார்க்கிற மாதிரியே வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். இதுதான் சமயம் என்று, “அரசி, நீ படிச்சவ. மூக்கு யாரோடதுன்னு நீயே சொல்லிரு” என்றேன்.

அவள் பேத்தியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் பேத்தியைப் பார்த்தாள்.

“ஒங்களோடதேதாண்ணே. ஹரிதாஸு மாதிரி ஒரு எழுத்து மாத்தாம அப்படியே எடுத்து ஒட்டியிருக்கா. பாவம், கீழ ஒங்க பேரப் போட்டுருங்க, இல்லாட்டி இவளயும் வெசாரணைக்குக் கூப்புட்டுருவாங்க.”